ஒன்பதாவது கட்டம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. லாரிப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும். உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றதா? நாலாம் மாதம் முடிந்தால் நின்றுவிடும் என்று சொல், தெம்பாக இருக்கட்டும்.

இதைப் போனில் பேசியிருப்பேன். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிடும். சின்ன வயசிலேயே உனக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தது சும்மாவா. கடிதத்தில் நீ என் வாயை அடைக்க முடியாது.

சனிக்கிழமை நம் சுதந்திரவாத வட்டத்தின் கூட்டம். அதே சைக்கிள் கடை மாடி, அதே ஆடும் நாற்காலிகள். நீ ஊரை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகியும் நீ ஆரம்பித்த வட்டம் நடக்கிறது. நீ அனுப்பும் துண்டுப்பிரசுரத்தைப் பல் டாக்டர் சத்தமாக வாசிக்கிறார். இந்த முறை தலைப்பு, 'உண்மையான லிபர்டேரியன் யார்?' வாசித்தார். "அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் சுதந்திரவாதி ஆக முடியாது. ஒன்று, அந்தச் சம்பளம் வரிப் பணம். இரண்டு, வரி என்பது கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று, கட்டாயத்தில் வாழ்கிறவர் கட்டாயத்தை எதிர்க்க முடியாது."

பதினொரு பேர் இருந்த அறையில் பத்துத் தலை என் பக்கம் திரும்பியது. அங்கே நகராட்சியில் வேலை பார்ப்பது நான் ஒருத்திதான். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதைத் தீர்மானமாகவே போட்டுவிட்டார்கள். ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஒன்று, டாக்ஸி ஓட்டும் அம்மா அதற்குள் தூங்கிவிட்டதால் நடுநிலை. எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன்.

யாரை நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். வாந்தி நின்றுவிட்டது. டாக்டர் மட்டும் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார், சமையல் என் தலையில். மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்னை நினைத்து எழுதவில்லை அக்கா. கொள்கையை எழுதினேன். அடுத்தவருக்குக் கெடுதல் செய்யாத வரை ஒருவருடைய வாழ்க்கையில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. இதுதானே நம் வட்டம் சொல்வது? அப்படியானால் அந்த மூக்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அதைத் திட்ட முடியுமா? நீ ராஜினாமா எழுதிக் கொடு, வட்டமே எழுந்து நின்று கைதட்டும்.

எனக்கு வேலை பரவாயில்லை. ஒரு கம்பெனிக்கு வாசகம் எழுதித் தருகிறேன். சொன்னால் உனக்குக் கொட்டாவி வரும், விடு.

என்றும் உன்
தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். படுத்தே இருப்பவளுக்குக் கால் மரத்துப் போகும், தலையணை வைத்துக் கொடு. நீ சமைப்பதைச் சாப்பிடுகிறாளே, அவள்தான் பொறுமைசாலி.

கைதட்டலா? வியாழக்கிழமை என் கவுன்டருக்கு ஒரு பெண் வந்தாள். வீட்டிலேயே ஏழு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். தீயணைப்புச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது என்று யாரோ மிரட்டி, நாலு மாதமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறாள். நான் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். பத்துக் குழந்தைக்கு மேல் இருந்தால்தான் சான்றிதழ். "ஏழுக்கு யாரையும் கேக்க வேணாம்மா, போய் வேலையைப் பாருங்க" என்றேன். அவள் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவளை விடுவித்தது உன் துண்டுப்பிரசுரமா, என் கவுன்டரா? பத்தொன்பது வருஷமாக அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். எது விதி, எது வெறும் மிரட்டல் என்று உன் வட்டத்தில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பல் டாக்டருக்குத் தன் கிளினிக் போர்டுக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

ராஜினாமா எழுத மாட்டேன். வட்டத்தை விட்டும் போக மாட்டேன். முடிந்தால் தூக்கிப் போடட்டும்.

பதில் போடு.
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இவளுக்கு இப்போது பசி எடுக்கிறது. என் சமையலில் குறை சொல்கிறாள், அதனால் உடம்பு தேறிவிட்டது என்று தெரிகிறது.

உன் கதை நல்ல கதை. ஆனால் என் கட்சிக்குத்தான் சாட்சி. நல்ல காவலாளிகள் இருப்பதால்தான் சிறைக்கூடம் இடியாமல் நிற்கிறது. நீ இல்லாவிட்டால் அந்தப் பெண் அலைந்து அலைந்து ஒருநாள் கொதித்திருப்பாள், அவளைப் போல நூறு பேர் கொதித்திருப்பார்கள். நீ ஒருத்தி நல்லவளாக இருந்து எல்லோரையும் ஆற்றிவிடுகிறாய்.

ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு ஒரு கெட்ட உத்தரவு வருகிறது. பத்துக்கு மேல், பத்துக்குக் கீழ் என்று சந்து பொந்து எதுவும் அதில் இல்லை. அப்போது என்ன செய்வாய்? முத்திரை குத்துவாய். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குவாய். அதனால்தான் சொன்னேன்.

கோபப்படாதே.
தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் வீட்டுக்காரியின் தங்கை வந்து கூட இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நிம்மதி. ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் இல்லை, நீ கேட்ட உத்தரவு வந்துவிட்டது, அதுதான்.

வாடகை வீட்டில், வாடகை அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். மூன்று பக்கம். முதல் எட்டுக் கட்டம் வழக்கமானது. பெயர், வயசு, தொழில், இந்த மாதிரி. ஒன்பதாவது கட்டம் இது: 'உடன் வசிப்பவருடன் என்ன உறவு? இரண்டு நாளுக்கு மேல் வந்து தங்குபவர் யார், அவர் என்ன உறவு?' அதில் பதில் தெளிவாக இல்லாத படிவங்களைத் தனிக் கட்டாகக் கட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாளே ஒரு தையல்காரரும், சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவும் வந்தார்கள். அறுபதை நெருங்கும் வயசு.

"ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், என் வாயால்.

"பன்னெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்மா" என்றாள் அந்த அம்மா.

"கல்யாணம் ஆகலையா?"

"ஆச்சு. எனக்கு ஆன இடம் வேற, அவருக்கு ஆன இடம் வேற."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தையல்காரர் கவுன்டர் மேல் இரண்டு கையையும் வைத்து, "மழை பெஞ்சா ஒரே குடையில வருவோம். அப்படின்னே எழுதிக்குங்க" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. ஒன்பதாவது கட்டத்தைக் காலியாக விட்டு முத்திரை குத்தி, சாதாரணக் கட்டோடு சேர்த்தேன். அதற்கப்புறம் வந்த எல்லோருக்கும் அப்படித்தான். பக்கத்து சீட்டுக்காரரைத் தெரியுமல்லவா, இருபத்திரண்டு வருஷமாக ஒரு முத்திரைகூடக் கோணலாகக் குத்தாதவர்? அவர் அன்றைக்கே ஆறு படிவத்தைத் தனியாகக் கட்டிவிட்டார். எப்படி சார் கேட்க மனசு வருது என்றேன். "நீங்க கேக்கலைம்மா, படிவம் கேக்குது" என்றார்.

அதனால் உன் கேள்விக்குப் பதில், நான் அதை நிரப்பவில்லை. அடுத்து என்ன கேட்கப் போகிறாய், கேள்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலம். அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. இந்த மாதிரிப் படிவங்கள் வெறும் புள்ளிவிவரத்துக்குத்தான், இரண்டு மாதத்தில் தூசி படிந்து கிடக்கும். 'உறவினர்' என்று ஏதாவது ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிடு. உனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. மாமாவின் முழங்காலையும் யோசி.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் வீட்டுக்காரி நலமா? உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

ராஜினாமா செய் என்று ஜனவரியில் எழுதியவன், ஏப்ரலில் சர்வீஸைக் கணக்குப் போடுகிறாய். மாமாவிடம் காட்டினேன். "உன் தம்பி உடம்பு சரியில்லாம எழுதியிருக்கான்" என்றார்.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். காலியாக விட்டது நூற்றுப் பதினேழு படிவம் என்று எண்ணி வைத்திருந்தார். நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஏன் நிரப்பவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்: 'ஒன்பதாவது கட்டத்தில் உள்ளதை யாரிடமும் கேட்க எனக்கோ இந்த அலுவலகத்துக்கோ உரிமை கிடையாது. கேட்க மாட்டேன்.' அவர் மூன்று முறை படித்துவிட்டு, 'பணிவுடன்' என்ற வார்த்தையையாவது சேர்க்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் மெமோ வந்தது.

இன்னொரு விஷயம். மெமோவுக்குப் பதில் எழுதுவதற்காகப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதில் விளக்கக் குறிப்பு இருக்கிறது. 'இவ்விவரம் ஏன் தேவை? ஒன்று, குடியிருப்போரின் பாதுகாப்பு. இரண்டு, வீட்டு உரிமையாளரின் பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று, ஒளிக்க ஏதும் இல்லாதவருக்குச் சொல்வதில் தயக்கம் இராது.'

உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது நான். பள்ளிக்கூடத்துக் கட்டுரையிலிருந்து நீ எழுதிய அத்தனையும் படித்திருக்கிறேன்.

நீயா எழுதினாய்?

அக்கா


மே 25

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் வீட்டுக்காரிக்கு நேரம் நெருங்குகிறது, நல்லபடியாக ஆக வேண்டும். அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மாமா பட்டறையிலிருந்து மத்தியானமே வந்து, "இத்தனை வருஷத்துல பகல்ல உன்னை வீட்டுல பாத்ததே இல்லை" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பயம்தான். யாரிடமும் சொல்லாதே.

பக்கத்து சீட்டுக்காரர் கட்டிய தனிக் கட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அதில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். ஒன்பதாவது கட்டத்தில் 'சிநேகிதிகள்' என்று எழுதியிருந்தார்கள். கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்து, என்ன சிநேகிதம் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய். தெருவில் வைத்துக்கொண்டு நின்றதை டாக்ஸி ஓட்டும் அம்மா பார்த்து, தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

ஜூன் 19 அன்று விசாரணை. நகராட்சி மன்றத் தீர்மானத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். அதில் எட்டுக் கட்டம்தான் இருக்கிறது. ஒன்பதாவதை நடுவில் யாரோ நுழைத்திருக்கிறார்கள். யார் சொல்லி நுழைந்தது என்பதற்குப் படிவம் தயாரித்தவரிடம் காகிதம் இருக்கும்.

நான் அதைக் கேட்க மாட்டேன். உன் இஷ்டத்துக்கு விரோதமாக உன்னிடமிருந்து எதையும் பிடுங்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் சுதந்திரவாதம்.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

பெண் குழந்தை, பன்னிரண்டாம் தேதி. தாயும் குழந்தையும் நலம். உன் நெற்றி.

நான்தான் எழுதினேன். அந்தக் கம்பெனி அரசாங்க அலுவலகங்களுக்குப் படிவம் தயாரித்துக் கொடுக்கிறது. எட்டுக் கட்டம் எழுதி அனுப்பினேன். மேலிருந்து ஒரு அதிகாரி ஓரத்தில் பச்சை மையில் 'யார் யாருக்கு என்ன உறவு, யார் வந்து தங்குகிறார், சேர்க்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சேர்த்தேன். விளக்கக் குறிப்பும் கேட்டார். அதையும் எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார்கள்.

மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிடுவேன். அதனால் சொல்லவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அதே வாரம்தான் 'உண்மையான லிபர்டேரியன் யார்' எழுதினேன். எல்லோரும் உன் பக்கம் திரும்பினால் என் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று என் மனசுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த இரண்டு பெண்களைப் பற்றி நீ எழுதியதைப் பத்து தடவை படித்தேன்.

பச்சை மையோடு அந்தக் காகிதத்தை, நான் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலத்தோடு, நேற்று விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நேரில் வந்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்கு என் நெற்றியா? பாவம். தாய்க்கு நல்ல சாப்பாடு கொடு, தூங்க விடு. மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விசாரணை நடந்ததைச் சொல்கிறேன். நீளமான மேஜை, மூன்று பேர். பக்கத்து சீட்டுக்காரர்தான் அவர்கள் தரப்பு சாட்சி. "காலியா விட்டாங்க, நான் பாத்தேன், நூத்திப் பதினேழு" என்றார். பொய் ஒரு வார்த்தை இல்லை. நானும் ஆமாம் என்றேன்.

அப்புறம் விசாரணை அதிகாரி உன் உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இந்த வாக்குமூலம் கொடுத்தவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார். "தம்பி" என்றேன். நீங்கள் சொல்லி அனுப்பினாரா என்றார். "நான் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுறவன் சார் அவன். சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டான்" என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

உத்தரவு வந்துவிட்டது. வேலை தப்பியது. ஆனால் பணிவின்மைக்காக இரண்டு இன்க்ரிமென்ட் ரத்து, கவுன்டரிலிருந்து எடுத்துக் கீழே ரெக்கார்டு ரூமுக்கு மாற்றல். ஒன்பதாவது கட்டத்தை நீக்கவில்லை. பக்கத்தில் 'விருப்பமிருந்தால்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். தனிக் கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

மன்னிப்புக் கேட்கிறாயா இல்லையா என்று உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை. என்னிடம் கேட்காதே. அந்தப் பெண்கள் டாக்ஸி அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள். முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். குழந்தை பகலில் தூங்குகிறாள். மாமாவுக்கு வணக்கம்.

அந்த முகவரிக்கு எழுதினேன். பதில் வந்தது. மூன்றே வரி, மூன்றும் எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டுதான். அதை உன்னிடம் காட்ட மாட்டேன்.

கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறேன், தனியார் பள்ளிதான், பயப்படாதே. வட்டத்திலிருந்து விலகுவதாகப் பல் டாக்டருக்கு எழுதிவிட்டேன். தீர்மானத்தை எழுதியவன் தீர்மானப்படி வெளியே போவதுதான் முறை.

ஆனால் அக்கா, கொள்கை தப்பில்லை. நான்தான் தப்பு. இப்போதாவது அந்த வேலையை விடு. உன்னைக் கீழே தள்ளிய பிறகும் அங்கே என்ன இருக்கிறது?

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். குழந்தையின் போட்டோவை ரெக்கார்டு ரூம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நெற்றி என்னுடையதுதான். சந்தேகமே இல்லை.

வட்டம் இரண்டாக உடைந்துவிட்டது. பல் டாக்டர் தலைமையில் ஒன்று, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் தலைமையில் ஒன்று. இரண்டு பேரும் தங்களுடையதுதான் உண்மையான வட்டம் என்கிறார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவருக்கும் மாடியைக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் என்னிடம் வந்து, அந்தத் தீர்மானத்தை ரத்து செய்கிறோம், நீங்கள்தான் உண்மையான சுதந்திரவாதி, எங்கள் பக்கம் வாருங்கள் என்றார்கள். ரத்து செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். நான் உண்மையானவளா என்று அவர்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை விடச் சொல்கிறாய். விட மாட்டேன். ஜன்னல் இல்லாத அறை, தும்மல் வருகிறது, உண்மைதான். ஆனால் மேலே முத்திரை விழும் ஒவ்வொரு காகிதமும் சாயங்காலம் என்னிடம்தான் வந்து சேர்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து சீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். விசாரணைக்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. கையில் ஒரு காலிப் படிவம். நின்றுகொண்டே இருந்தார், உட்காருங்கள் சார் என்றதும் உட்கார்ந்தார்.

"விருப்பமிருந்தால்னு போட்டிருக்காங்க. யாரோட விருப்பம்னு போடலைம்மா" என்றார். "மேலாளர் நம்ம விருப்பம்னு சொல்றார். எனக்கு அப்படித் தோணலை."

"வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க சார்."

"கேக்கலாமா?"

"தாராளமா."

படிவத்தின் மடங்கிய ஓரத்தை விரலால் நேராக்கினார். "அந்த ரெண்டு பொண்ணுங்க படிவத்துல முத்திரை என்னோடது" என்றார். எழுந்து மேலே போனார்.

அன்று சாயங்காலம் அவர் கவுன்டர் கட்டு வந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு படிவம். முத்திரை ஒன்றுகூடக் கோணவில்லை. நாற்பத்தொன்றிலும் ஒன்பதாவது கட்டம் காலி. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் என் அன்பு.
அக்கா